ஆரத்தித் தண்ணீரில் விழுந்த சாவி

ஆயுதபூஜை அன்று காலை பத்து மணி நாற்பது நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், கைபேசியில் நான் வைத்திருந்த அலாரம். மகனை அழைத்துவர நான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் அது. அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் காரின் சாவி ஆரத்தித் தண்ணீருக்குள் விழுந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கார் வாங்கிய அன்று எங்கள் போதகர் வந்து அதன் மேல் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஆன்ட்டிக்கு அது போதவில்லை. அவர் கன்னடக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுதபூஜை வந்தால் வளாகத்தில் நிற்கும் எல்லா வண்டிகளும் அவருடையவைதான். முந்தின நாளே வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் வாங்கி வைத்துவிடுவார். முதல் வருடம் நான் தயங்கி நின்றபோது, "உங்க போதகர் இன்ஜினுக்கு ஜெபம் பண்ணியாச்சு மேடம். டயருக்கு நான் பண்றேன். சாவி கொடி" என்று, கொடுங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, கையை நீட்டினார். அதற்குப் பிறகு நான் தயங்கியதில்லை. ஆலயத்தில் இதைப் பற்றி யாரிடமும் சொன்னதுமில்லை.

அவருடைய முறை இது. ஒரு பெரிய பித்தளைத் தட்டு. நடுவில், வெற்றிலையின் மேல் கற்பூரம். ஓரத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், ஒரு அகலக் கிண்ணத்தில். மிச்சமிருக்கும் இடத்தில் வண்டிகளின் சாவிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. தட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சிவப்புத் தண்ணீரைச் சக்கரத்துக்கு முன்னால் ஊற்றுவார்.

அன்று கற்பூரச் சுடர் என் சாவியின் பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. பிளாஸ்டிக் உருகிவிடும் என்று எனக்குப் பட்டது. எங்கும் எதிலும் முதலில் ஆபத்தைப் பார்ப்பது என் பழக்கம். கையை நீட்டி, ஒற்றை விரலால் சாவியைச் சுடரிலிருந்து தள்ளினேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சாவி நழுவிக் கிண்ணத்துக்குள் போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"அய்யோ தேவரே," என்றார் ஆன்ட்டி. "ஏனாயித்து மேடம்?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே நான் விரலை விட்டுத் துழாவினேன். சாவி சிவப்பாக வெளியே வந்தது. துப்பட்டாவில் துடைத்தேன். துடைத்தவுடன் என்ன செய்தேன் தெரியுமா? வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.

பீப் பீப் என்றது கார். விளக்குகள் மின்னின. எனக்குப் போன உயிர் வந்தது.

சுண்ணாம்பு உள்ளே இருந்தால் அரித்துவிடுமே என்று குழாயடியில் கொண்டுபோய்க் கழுவினேன். திரும்பிவந்து மறுபடி அழுத்தினேன். சாவியின் முனையில் இருக்கும் சின்ன விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது. கார் அசையவில்லை. பொத்தானால் திறந்துவிட்டுக் கதவைத் தொடாமல் விட்டால் அது அரை நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். பூட்டிக்கொண்டிருந்தது. நான் அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒரு சாவிக்கு இவ்வளவா என்று தோன்றலாம். என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனுக்குப் பதினேழு வயது. என்னைவிட ஒரு சாண் உயரம். ஆட்டிசம் இருக்கிறது என்று மூன்று வயதில் தெரிந்தது. பேச்சு குறைவு. பேசுகிற சொற்களும் பெரும்பாலும் நாங்கள் அவனிடம் சொன்னவைதான், அப்படியே திருப்பித் தருவான். "சாப்டியா?" என்று கேட்டால் "சாப்டியா" என்பான். சாப்பிட்டுவிட்டான் என்று பொருள். நஞ்சன்கூடு சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் அவனைப் போன்றவர்களுக்கான பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் இயந்திரம் அவன் பொறுப்பு. ஆயுதபூஜை விடுமுறைதான் என்றாலும், அவரவர் இயந்திரத்துக்கு அவரவரே பொட்டு வைக்கட்டும் என்று காலையில் மட்டும் பிள்ளைகளை வரச் சொல்வார்கள். பதினொன்றரைக்கு முடிந்துவிடும்.

அழைத்துவருவதற்கு ஒரு முறை உண்டு, அதை அமைத்தது அவன். மையத்தின் வாசலில் ஒரு மே மலர் மரம். அதன் அடியில் அவன் நிற்பான். நான் காரை நிறுத்தி, இறங்கி, பூட்டி, மறுபடி திறக்க வேண்டும். பீப் பீப். அதைக் கேட்ட பிறகுதான் காலை எடுத்துவைப்பான். பின் இருக்கை, இடப்பக்கக் கதவு. நான் "ஏறுப்பா, லேட்டாச்சு" என்பேன். லேட்டாகாத நாளிலும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் முதல் நாள் அப்படிச் சொல்லிவிட்டேன். அவன் காரைப் பார்ப்பதே இல்லை. அவனுக்கு எங்கள் கார் என்பது அந்த இரண்டு சத்தம்.

போன வருடம் கார் சர்வீஸுக்குப் போயிருந்த ஒரு நாள், ஆட்டோவில் போனேன். நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டோக்காரர் நல்ல மனிதர். இறங்கிவந்து வாயாலேயே "பீப் பீப்" என்று அடித்துக்கூடக் காட்டினார். என் மகன் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் என் கணவர் அரைகுறை சர்வீஸோடு காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் எல்லாரும் போகும்வரை நிற்பான். பிறகு நடக்க ஆரம்பிப்பான். ஒரு முறை அப்படி நடந்தவனை ரயில்வே கேட் அருகே கண்டுபிடித்தோம். தண்டவாளத்துக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது அந்தக் கேட்டின் கம்பி மட்டும். வண்டி வருகிறது, தள்ளி நில் என்று யாராவது கத்தினால் "தள்ளி நில்" என்று திருப்பிச் சொல்வான். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பான்.

என் கணவருக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. அன்று அங்கேயும் பூஜை. அழைத்தபோது பின்னால் மேளச்சத்தம் காதைப் பிளந்தது.

"என்னங்க, சாவி நனைஞ்சிருச்சு."

"என்ன, சாமி கனவா?"

"சாவிங்க, சாவி! தண்ணில விழுந்திருச்சு. காரு திறக்கல."

அவர் மேளத்தை விட்டுத் தள்ளி வந்தது தெரிந்தது. "பட்டனை அமுக்கினியா?"

"ஒரு தடவை."

"உண்மையச் சொல்லு."

"ஒரு பத்து தடவை."

"போச்சு. இனிமே அதைத் தொடாத. ஈரத்தோட கரண்டு ஓடினா உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும். முதல்ல பேட்டரிய வெளிய எடுக்கணும். பக்கத்துல ஒரு சின்ன கொக்கி இருக்கும் பாரு, அதை இழு. உள்ளருந்து இரும்புச் சாவி வரும்."

இத்தனை வருடமாக அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஒரு இரும்புச் சாவி இருப்பதே எனக்குத் தெரியாது. இழுத்தேன். வந்தது. அது இருந்த இடுக்கில் நகத்தை விட்டுத் திருகச் சொன்னார். என் நகம்தான் உடைந்தது. ஆன்ட்டி பூஜைத் தட்டிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினார். நாணயத்தை விட்டு நெம்பியதும் சாவி இரண்டு சிப்பியாகப் பிரிந்தது. உள்ளே பச்சைத் தகடு, அதன் மேல் சிவப்புத் துளிகள். சின்ன வயதில் அவன் முழங்காலை உரசிக்கொண்டு வந்து நிற்பானே, அதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பேட்டரி எடுத்துட்டேன். இனி என்ன? அரிசில போடவா?"

"வேணாம். அரிசி மாவு தூசி ஒட்டிக்கும். ஹேர் டிரையரும் வேணாம், சூட்டுல பிளாஸ்டிக் வளைஞ்சிரும். ஸ்பிரிட் இருந்தா பஞ்சுல தொட்டு மெதுவா துடை. அப்புறம் ஃபேனுக்கு முன்னால வை."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நாளாவது ஆகும்மா," என்றார்.

"ஒரு நாளா? பதினொன்றரைக்கு அவன் வாசல்ல நிப்பானேங்க!"

இன்னொரு சாவி கிடையாது. பழைய காராக வாங்கினோம். வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று அவர் சொல்வார், அடுத்த மாதம் பார்ப்போம் என்று நான் சொல்வேன். அவர் கம்பெனி பஸ்ஸில் போயிருந்தார். ஹெப்பாளிலிருந்து மையத்துக்கு வர ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். தசரா கூட்டத்தில் ஊரின் நடுவில் எதுவும் நகராது. "நான் எப்படியாவது கிளம்பறேன். நீ மையத்துக்குப் போன் பண்ணு, அவனை உள்ள உக்கார வைக்கச் சொல்லு," என்றார். செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கேயும் பூஜை. யாருக்குக் கேட்கும்?

ஆன்ட்டி உள்ளே ஓடி, தான் இன்சுலின் ஊசி போடும்போது பயன்படுத்தும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் கொண்டுவந்தார். இன்னொரு கையில் பூஜைக்கு வாங்கிய பொரி.

"அரிசிதானே வேண்டாம்னார்? இது புரி. நல்லா ஒணகி, காஞ்சிருக்கு. இதுல போடலாமா?"

"அதுல உப்பு இருக்கு ஆன்ட்டி."

"ஹௌதல்லா, ஆமா," என்று தலையில் தட்டிக்கொண்டு, கொண்டுவந்த பொரியை நின்ற இடத்திலேயே ஒரு பிடி தின்றார். பதற்றத்தில் அவருக்குப் பசிக்கும்.

நான் துடைத்தேன். சிவப்பு பஞ்சில் வந்தது. ஊதக்கூடாது, வாயின் ஈரம் படும் என்று மறுபடி அழைத்த என் கணவர் கைபேசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊதிவிட்ட பிறகு சொன்னார். கொஞ்ச நேரம் ஃபேனுக்கு முன்னால் வைத்திருந்துவிட்டு, பேட்டரியைப் போட்டு, ஒரே ஒரு முறை அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை.

பதினொன்றே கால் ஆகிவிட்டது. அப்போது என் கணவர் குரலை மாற்றிக்கொண்டார். தொழிற்சாலையில் ஏதாவது உடைந்துபோனால் அவர் இப்படித்தான் பேசுவார் போல. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"கேளு. சாவிய விடு. காரை எடுக்கிற வழியப் பாப்போம். அந்த இரும்புச் சாவிய டிரைவர் கதவுல போட்டுத் திற. காரு கத்தும். திருடன் வந்துட்டான்னு நினைக்கும். கத்தட்டும், பயப்படாத. உள்ள உக்காந்து, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, அந்த நனைஞ்ச சாவியவே ஸ்டார்ட் பட்டன் மேல வச்சு அழுத்து. உள்ள தனியா ஒரு சிப் இருக்கு. அதுக்குப் பேட்டரி வேணாம். அது பொழைச்சிருந்தா வண்டி எடுக்கும்."

திறந்தேன். கார் அலறியது. வளாகத்தின் மாடிகளில் எல்லாம் தலைகள் முளைத்தன. ஆன்ட்டி மேலே பார்த்து, "நம்ம மேடமே, நம்ம மேடமே! கள்ளன் இல்லா!" என்று கத்தினார். சாவியைப் பொத்தானோடு சேர்த்து அழுத்தினேன். ஒரு முறை எடுக்கவில்லை. கர்த்தரே என்று சொல்லி மறுபடி அழுத்தினேன். இன்ஜின் உறுமியது. அலறல் நின்றது.

"எடுத்திருச்சுங்க!"

"கிளம்பு. நடுவுல ஆஃப் பண்ணிடாத."

"ஆனா பீப் வராதே."

"பீப்பை அப்புறம் பாத்துக்கலாம்மா."

"உங்களுக்கு அப்புறம். அவனுக்கு?"

கைபேசியை வைத்துவிட்டுக் கியரைப் போட்டேன்.

ஆன்ட்டி முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். உடம்பில் இன்னும் பூஜைக்குக் கட்டிய பட்டுச்சேலை. சாவியை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி இரண்டாகப் பிரித்து, ஏசி காற்று வரும் துளைக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "சூடு இல்ல, ஈரம் இல்ல. இதுதானே வேணும்? நீங்க ஓட்டுங்க. நான் இதை ஒணக்கறேன்." சக்கரத்தடியில் அவர் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. "நோடி, அதுவும் ஆயித்து," என்றார், அதுவும் முடிந்தது என்ற திருப்தியோடு.

வழி முழுவதும் கார், சாவி இல்லை சாவி இல்லை என்று முன் பலகையில் எச்சரித்துக்கொண்டே வந்தது. சாலையில் எங்கே பார்த்தாலும் வாழைக்கன்று கட்டிய வண்டிகள். பேருந்துக்கு மாலை, லாரிக்கு மாலை, குப்பை வண்டிக்கும் மாலை. ஆட்டோ நிலையத்தில் வரிசையாக நிறுத்திப் பூஜை நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் உடைத்த இடங்களில் வழுக்காமல் ஓட்ட வேண்டியிருந்தது. ஆன்ட்டி, "லாக்கர் சாவி, கஜானா சாவி, எத்தனையோ சாவி என் கையில இருந்திருக்கு மேடம். ஒரு சாவிக்கும் இப்படி காத்து வீசினதில்லை," என்றார். நான் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்று தெரிந்தது. முடியவில்லை. அவர் இடது கையால் என் தோளை ஒரு முறை தட்டிவிட்டு மறுபடி சாவிக்குக் காற்றுக் காட்டினார்.

மையத்தை அடைந்தபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. மே மலர் மரத்தடியில் யாரும் இல்லை.

இன்ஜினை அணைக்காமல் இறங்கி ஓடினேன். ஆயா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக என் மகனைத் தெரிந்தவர். அவன் பையில் சாப்பாட்டு டப்பாவை மறக்காமல் வைப்பவர்.

"அவாகலே ஹோதரல்லா மேடம்," என்றார் சிரித்தபடி. அப்போதே போய்விட்டாரே என்று. "உங்க காருலயே ஏறிட்டாரே. நான் டாட்டா காட்டினேன்."

"ஆயாம்மா, என் காரு இதோ இப்பதான் வருது."

அவர் என் காரைப் பார்த்தார். வெள்ளைக் கார், முன்னால் இரண்டு வாழைக்கன்று, நம்பர் பலகையை மூடிய சாமந்தி மாலை. தெருவில் அப்போதே அப்படி மூன்று கார்கள் நின்றிருந்தன. துடைப்பம் அவர் கையிலிருந்து விழுந்தது.

பீப் பீப் என்று கேட்டது, அவன் உடனே நடந்தான், இடப்பக்கப் பின்கதவைத் திறந்து ஏறினான், கார் போனது. ஆயா பார்த்தது அவ்வளவுதான். அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? தினமும் நடப்பதுதானே நடந்தது. அழுதுகொண்டே அவர் தன் கன்னத்தில் அடித்துக்கொண்டார். ஆன்ட்டி காரிலிருந்து இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தெருமுனைவரை ஓடினேன். எதிர்முனைவரை ஓடினேன். வெள்ளைக் கார்கள் வந்தன, போயின. எல்லாவற்றிலும் மாலை. ஒவ்வொன்றின் பின் கண்ணாடிக்குள்ளும் குனிந்து பார்த்தேன். ஒரு குடும்பம் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. யார் கார் அது? எந்த ஊர்க் கார்? பெங்களூருக்குப் போகிற காரா, ஊட்டிக்குப் போகிற காரா? பாதியில் இறக்கிவிட்டால்? யார் வீட்டுப் பையன் என்று கேட்டால் "யார் வீட்டுப் பையன்" என்பானே, அதைக் கேலி என்று நினைத்து அடித்துவிட்டால்? கணவரை அழைத்தேன். ஆளைக் காணோம் என்றேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது, ஓடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

கைபேசியை வைத்த அடுத்த நொடி மணி அடித்தது. தெரியாத எண்.

"மேடம், ஒந்து ஹுடுகா நன் கார்னல்லி..." ஒரு பெண் குரல், கன்னடத்தில். ஒரு பையன் என் காரில் என்று அவள் முடிப்பதற்குள், "ஐயோ கர்த்தாவே, என் புள்ள!" என்று நான் தமிழில் கத்திவிட்டேன்.

அந்தக் குரல் உடனே தமிழுக்கு மாறியது. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்.

"தமிழாங்கக்கா நீங்க? அழுகாதீங்க, அழுகாதீங்க. தம்பி சும்மா ஜம்முனு உக்காந்துட்டு இருக்காரு. ரெண்டு வாட்டி அடிச்சேன், நீங்க வேற லைன்ல இருந்தீங்க."

"எங்க, எங்கம்மா இருக்கீங்க?"

"மெயின் ரோட்டுக்கு வந்துட்டனுங்க. உங்க ஸ்கூலுக்கு எதுத்தாப்ல கடையில ஸ்வீட் வாங்கிட்டு, அங்கிருந்தே பட்டன அமுக்கிக் காரத் தெறந்துட்டு, காசு குடுத்துட்டு வந்து ஏறிக் கெளம்பிட்டேன். எப்ப ஏறுனாருன்னே தெரியலைங்கக்கா. முக்குல நான் ரைட்டு வளைச்சேன், பொறகால இருந்து 'லெஃப்ட்'னு ஒரு கொரலு. எனக்கு உசுரே போயிருச்சு! வண்டிய ஓரங்கட்டித் திரும்பிப் பாக்கறேன், பெல்ட்டெல்லாம் போட்டுட்டு, பூசைக்கு வாங்குன பூசணிக்காய மடியில வச்சுட்டு, ரோட்டையே பாத்துட்டு இருக்காரு. கழுத்துல கார்டு தொங்குச்சு, அதுல உங்க நம்பரு."

அந்த முக்கில் நாங்கள் தினமும் இடப்பக்கம்தான் திரும்புவோம்.

"அவன் இறங்க மாட்டாம்மா. தொட்டு இழுக்காதீங்க, பயந்துக்குவான்."

"நான் எதுக்குங்க இழுக்கறேன்? அங்கயே நில்லுங்க. திருப்பிட்டு வர்றேன். ரோட்டுல கூட்டமா இருக்குது, கொஞ்சம் நேரமாகும். தம்பி, அம்மாகிட்டப் போலாமா?"

"அம்மாகிட்டப் போலாமா," என்று என் மகனின் குரல் கேட்டது.

நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆயா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆன்ட்டி காருக்குள் போய், இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை ஒன்றுசேர்த்து வெளியே நின்று கூர்மையாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்தலா மேடம்?" என்று கேட்டார், அழுத்தட்டுமா என்று. தலையை ஆட்டினேன். அழுத்தினார். ஒன்றுமில்லை.

அந்தச் சாவி மூன்றாம் நாள், புது பேட்டரி போட்டதும் பிழைத்துக்கொண்டது. இப்போதும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். இணைப்பு ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போகவே இல்லை. இன்னொரு சாவியும் செய்து வாங்கிவிட்டோம், அது என் கணவரின் பையில் இருக்கிறது. நனைந்தால் முதலில் பேட்டரியை எடு, அழுத்திப் பார்க்காதே என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். சாலையில் எங்காவது ஒரு கார் பீப் பீப் என்றால் போதும், திரும்பிப் பார்த்துவிடுகிறேன். இதை எழுதும்போதும் கீழே யாரோ காரைத் திறந்தார்கள், எழுந்துபோய் அவன் அறையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் அன்று அந்த மரத்தடியில் சாவி ஊமையாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு இன்னொரு பயம் வந்தது. அவன் வந்துவிடுவான். வந்த பிறகு என் காருக்குள் எப்படி ஏறுவான்? அவனுக்குரிய சத்தம் அந்தப் பெண்ணின் காரில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஏறினான், அவன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. தப்பான காரோடு நிற்பது நான்தான்.

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. வாழைக்கன்று, சாமந்தி மாலை. என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள், கையெடுத்துக் கும்பிட்டாள், பின்பக்கத்தைக் காட்டினாள். இடப்பக்கக் கண்ணாடிக்குள் அவன் இருந்தான். நெற்றியில் குங்குமம். அவன் இயந்திரத்துக்கு வைத்ததில் கொஞ்சம் தனக்கும் வைத்துக்கொண்டிருக்கிறான். மடியில் அந்தப் பூசணிக்காய், இரண்டு கைகளாலும் பிடித்தபடி.

நான் கதவைத் திறந்தேன். தினமும் சொல்லும் வாக்கியம் அந்த இடத்தில் பொருந்தாது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தான். வெளியே நிற்கிற என்னால்தான் இவ்வளவு நேரமும் வண்டி கிளம்பவில்லை என்பதுபோல, பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு உள்பக்கமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

"ஏறும்மா," என்றான். "லேட்டாச்சு."